சவப்பெட்டிச் செலவு நட்டஈடாகாது

மரணம் அனைவருக்கும் பொதுவானது. ஆயினும் எல்லா மரணங்களும் ஒரே தன்மையானவை அல்ல. முதுமையினாலும் நோயினாலும் நிகழும் மரணத்தை விதியென்று ஏற்றுக்கொண்டு மனத்தைத் தேற்றிக்கொள்கின்றோம். ஆனால் இன்னொருவரின் கவனயீனத்தினாலோ, அசட்டையினாலோ, கடமை தவறியதனாலோ ஓர் உயிர் பறிபோகும்போது அதனையும் விதியின் கணக்கில் எழுதிவிட்டு வாளாவிருப்பது நியாயமாகாது. அந்த மரணத்திற்குப் பொறுப்பாளி ஒருவர் இருக்கின்றார். அவர் பதில் சொல்லவேண்டிய இடமும் சட்டத்தில் இருக்கின்றது.

கேகாலை மாவட்டத்தில் ருவான்வெல்லை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய ஆகிய பகுதிகளின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு ஒரு காட்சி புதியதல்ல. பால் வெட்டச் சென்றவர் மீது காய்ந்த கிளை முறிந்து விழுகின்றது. கொழுந்து மலையில் குளவிக் கூடு கலைகின்றது. தொழிற்சாலை இயந்திரம் ஒருவரை இழுத்துக்கொள்கின்றது. அவிசாவளை - ஹட்டன் வீதியோரமாக நடந்து சென்றவரை வேகமாக வந்த வாகனம் மோதித் தள்ளுகின்றது. வைத்தியசாலையிலிருந்து உடல் வீடு வந்து சேர்வதற்கிடையில் சவப்பெட்டிச் செலவைப் பொறுப்பேற்பதாகத் தகவல் வருகின்றது. மறுநாள் யாரோ ஒருவர் ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுக்கின்றார். "போனவர் திரும்பி வரவா போகின்றார்? பெரிய இடத்துடன் மோதி என்ன காணப் போகின்றோம்?" என்று ஊரில் நான்கு பேர் சொல்கின்றனர். அழுது களைத்த மனைவி, தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட ஒரு கடதாசியில் கையொப்பமிடுகின்றாள். முப்பதாம் நாள் காரியத்துடன் அந்த மரணமும் மறக்கப்பட்டுவிடுகின்றது.

ருவான்வெல்லைக்கு அண்மையிலுள்ள கன்னத்தோட்டை போன்ற முஸ்லிம் கிராமங்களிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதல்ல. அங்கு முப்பதாம் நாளுக்குப் பதிலாக இத்தாக் காலம் குறுக்கிடுகின்றது. "அல்லாஹ்வின் நாட்டம்" என்ற நம்பிக்கை, பொறுப்பாளியைக் கேள்வி கேட்பதையே தவிர்க்கும் ஒரு மௌனமாகச் சில வேளைகளில் மாறிவிடுகின்றது.

உறவினரை இழந்த குடும்பங்களுக்குச் சட்டம் வழங்கும் உரிமை என்ன, அதனைப் பெறும் வழி யாது, அந்த உரிமை எங்கே நழுவிப் போகின்றது என்பவற்றை எமது வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உதவி வேறு, உரிமை வேறு

முதலில் ஒரு தெளிவு அவசியம். மரண வீட்டில் கொடுக்கப்படும் பணம் உதவியாகும். மரணாதார சங்கம் கொடுப்பதும், தோட்ட நிர்வாகம் இறுதிக் கிரியைக்கென வழங்குவதும், அரசாங்கம் அனர்த்த காலத்தில் அறிவிக்கும் தொகையும் அவ்வகையைச் சேர்ந்தவையே. கொடுப்பவர் விரும்பினால் கொடுப்பார்; அளவையும் அவரே தீர்மானிப்பார். நட்டஈடு அவ்வாறானதன்று. அது பொறுப்பாளியிடமிருந்து குடும்பம் கேட்டுப் பெறும் உரிமை. அதன் அளவைத் தீர்மானிப்பது சட்டமே ஒழிய, கொடுப்பவரின் இரக்கமல்ல.

மற்றொரு குழப்பமும் தோட்டப் பகுதிகளில் சர்வ சாதாரணமாகக் காணப்படுகின்றது. ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டத்தின் கீழான பணிக்கொடை ஆகியன இறந்தவர் தமது உழைப்பினால் ஈட்டிக்கொண்டவை. அவர் எவ்வாறு இறந்திருப்பினும் அவை குடும்பத்தைச் சேரவேண்டும். அவற்றைக் கொடுத்துவிட்டு "நட்டஈடு கொடுத்தாயிற்று" என்று கூறுவது, ஒருவரின் சட்டைப்பையிலிருந்த பணத்தை எடுத்து அவருக்கே அன்பளிப்புச் செய்வதற்குச் சமமாகும்.

துயரத்திற்கு இடமளிக்காத சட்டம்

ஓர் உயிருக்கு விலை உண்டா என்று கேட்கலாம். இல்லை என்பதே விடை. ஆயினும் உயிர் போனதனால் குடும்பத்திற்கு ஏற்படும் இழப்புக்கு ஓர் அளவு கண்டேயாகவேண்டிய நிலை சட்டத்திற்கு உண்டு. இலங்கையில் இவ்விடயத்தை நெடுங்காலமாக ஆண்டு வந்தது ரோமன் - டச்சுச் சட்டமாகும். அதன்படி, இறந்தவரில் தங்கியிருந்தவர்கள் தமது பொருளாதார இழப்பை மாத்திரமே கோர முடியும். அவர் உழைத்துக் கொண்டுவந்தது என்ன, இனி வராமற் போவது என்ன என்பதே அதன் கணக்கு. மனத்துயருக்கும் பிரிவின் வேதனைக்கும் அங்கு இடமிருக்கவில்லை.

இதன் விளைவு எத்தகையது என்பதை நாடறியச் செய்தது, "பிரியானி சொய்ஸா எதிர் அர்சகுலரத்ன" என்ற வழக்காகும். 1992ஆம் ஆண்டில் ஒரு சிறுமியின் நோயை உரிய வேளையில் இனங்காணத் தவறியதாகக் கூறி, சட்டத்தரணியான தந்தை மருத்துவ நிபுணருக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் தந்தைக்கு 50 இலட்சம் ரூபாவை வழங்கத் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தொகையைப் பெருமளவு குறைத்தது. 2001ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அதனையும் இல்லாமற் செய்தது. கவனயீனம் இருந்தபோதிலும், அதுவே மரணத்திற்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்பது அதற்கான ஒரு காரணம். பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்தமைக்கு எமது சட்டத்தில் நட்டஈடு கிடையாது என்பது இத்தீர்ப்பு உறுதிப்படுத்திய மற்றொரு நிலைப்பாடு.

அதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். உழைக்கும் ஆண் இறந்தால் கணக்குப் போடலாம். பள்ளி செல்லும் குழந்தை இறந்தால் இழப்பு இல்லை. ஏனெனில் குழந்தை உழைக்கவில்லை. வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, தாயை மலைக்கு வேலைக்குச் செல்ல வைத்த பாட்டி இறந்தாலும் சொல்லத்தக்க இழப்பு இல்லை. அதே 2001ஆம் ஆண்டில் இந்திய உயர் நீதிமன்றம் வேறொரு பாதையில் சென்றது. 1989ஆம் ஆண்டு ஜம்ஷெட்பூரில் நிகழ்ந்த தீ விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்கள் தொடுத்த வழக்கில், சம்பளம் பெறாத இல்லத்தரசிகள் வீட்டுக்கு ஆற்றும் பணியை மாதமொன்றுக்கு 3,000 இந்திய ரூபா என மதிப்பிட்டு நட்டஈடு வழங்குமாறு அது பணித்தது. தொகை சிறிதுதான். ஆயினும் சமையலறையில் கழியும் வாழ்வுக்கும் பெறுமதி உண்டென்று ஒரு நீதிமன்றம் ஏட்டில் எழுதியமை பெரிது.

இலங்கையில் இக்குறை தீர மேலும் 18 வருடங்கள் சென்றன. ஒருவரின் தவறான செயலால், செய்யத் தவறியதனால் அல்லது கவனயீனத்தால் விளைந்த மரணத்திற்கு நட்டஈடு அறவிடுவது குறித்து 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், பெற்றோர் போன்ற நெருங்கிய உறவினர், பொருளாதார இழப்புக்கு அப்பால் அன்பையும் பராமரிப்பையும் துணையையும் இழந்தமைக்காகவும் நட்டஈடு கோருவதற்கு அது வழிசெய்தது. எமது சட்ட வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை. ஆயினும் தோட்டத்து லயன்களிலும் கிராமத்து வீடுகளிலும் இச்சட்டத்தின் பெயரைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்? அறியாத உரிமை இல்லாத உரிமைக்கு ஒப்பானது.

வேலைத்தலத்தில் நிகழும் மரணம்

பொறுப்பாளி யார், மரணம் எங்கே நிகழ்ந்தது என்பதைப் பொறுத்து நட்டஈடு கோரும் வழிகள் வேறுபடும். வேலை செய்யும்போது அல்லது வேலையின் காரணமாக நேர்ந்த விபத்தினால் மரணம் சம்பவித்திருந்தால் முதலில் நாடவேண்டியது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தையாகும். இதன் பெரும் சிறப்பு, தொழில்தருநரின் குற்றத்தை நிரூபிக்கவேண்டியதில்லை என்பதே. மரக்கிளையை வெட்டாமல் விட்டது யார் தவறு என்ற விவாதத்திற்கு இங்கு இடமில்லை. வேலையில் இருந்தார், வேலையினால் இறந்தார் என்பதே போதுமானது. 2022ஆம் ஆண்டின் திருத்தத்தின் மூலம், 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவாக இருந்த உச்சத் தொகை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டதுடன், வேலைக்குச் செல்லும்போதும் வேலை முடிந்து திரும்பும்போதும் நேரும் விபத்துக்களும் உள்ளடக்கப்பட்டன.

இங்கு வாசகர்கள் மனத்திற் பதிக்கவேண்டிய விடயம் ஒன்றுண்டு. மரணத்திற்கான நட்டஈட்டைத் தொழில்தருநர் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடமே வைப்பிலிட வேண்டும். தங்கியிருப்போரில் யாருக்கு எவ்வளவு என்பதை ஆணையாளரே தீர்மானிப்பார். மரண வீட்டின் வாசலில் வைத்துக் கொடுக்கப்படும் உறை இந்த நட்டஈடாகிவிடாது. இச்சட்டத்தின் கீழான உரிமையைக் கைவிடுவதாக எழுதி வாங்கப்படும் உடன்படிக்கையும் செல்லுபடியாகாது. எனவே, "கையொப்பம் வைத்துவிட்டோமே, இனி என்ன செய்வது?" என்று மனம் சோர்ந்திருக்கும் குடும்பங்கள் அக்கடதாசியை ஒரு சட்டத்தரணியிடம் காட்டி ஆலோசனை பெறுவது உசிதமாகும்.

தொழில்தருநரின் கவனயீனம் தெளிவாகத் தெரியுமிடத்து, மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குத் தொடரவும் இடமுண்டு. அவ்வழியில் உச்சவரம்பு இல்லை. ஆனால் கவனயீனத்தை நிரூபிக்கவேண்டிய பாரம் குடும்பத்தின் மீது விழும். ஒரே விபத்திற்குத் தொழில்தருநரிடமிருந்து இரு வழிகளிலும் பெறலாம் என்று எண்ணக்கூடாது. எது தகுந்தது என்பதை வழக்குத் தொடர்வதற்கு முன்னரே ஆலோசித்துத் தெரிவு செய்யவேண்டும்.

இத்தெரிவு ஏன் முக்கியம் என்பதை ஓர் உதாரணக் கணக்கினால் விளக்கலாம். மாதம் 40,000 ரூபா உழைத்த ஒருவர் தமக்கென 13,000 ரூபாவைச் செலவிட்டார் எனக் கொள்வோம். குடும்பம் இழந்தது மாதம் 27,000 ரூபா. வருடத்திற்கு 3 இலட்சத்து 24 ஆயிரம் ரூபா. அவர் இன்னும் 10 வருடங்கள் உழைக்கக்கூடியவராயின் மொத்த இழப்பு 32 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவாகும். முழுத்தொகையும் ஒரே தடவையில் கையில் கிடைப்பதையும் வாழ்வின் நிச்சயமின்மையையும் கருதி நீதிமன்றம் இதனைக் குறைக்கலாம். ஆயினும் உறைக்குள் வரும் தொகைக்கும் உண்மையான இழப்புக்கும் இடையிலான தூரத்தை இக்கணக்கு காட்டிவிடுகின்றது.

வீதியில் நிகழும் மரணம்

எமது நாட்டின் வீதிகளில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை, கெரண்டிஎல்லையில் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குச் சொந்தமான பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் பலியான துயரத்தை மலையகம் இன்னும் மறக்கவில்லை. அத்தகைய பெரும் விபத்துக்கள் தலைப்புச் செய்தியாகின்றன. ருவான்வெல்லையிலோ கரவனல்லையிலோ வீதியைக் கடந்தபோது அடிபட்டு இறந்த ஒருவரின் செய்தி நான்கு வரிகளுடன் நின்றுவிடுகின்றது.

வீதி விபத்து மரணத்தில் இரு வேறு வழக்குகள் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. கவனயீனத்தினால் மரணம் விளைவித்தமைக்காகத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ்ச் சாரதி மீது பொலிஸார் தொடுப்பது ஒன்று. இது அரசுக்கும் சாரதிக்கும் இடையிலானது. குற்றவாளியெனக் காணப்படும் சாரதி நட்டஈடு செலுத்தவேண்டுமெனப் பணிக்கும் அதிகாரம் நீதவானுக்கு உண்டெனினும், அதனை நீதிமன்றத்தின் கவனத்திற்குக் கொண்டுவர எவரும் இல்லாதபோது அபராதத்துடனேயே விடயம் முடிந்துவிடலாம். "வழக்கு முடிந்துவிட்டது" என்று குடும்பம் வீடு திரும்புகின்றது. உண்மையில் முடிந்தது சாரதியின் வழக்கு. குடும்பத்தின் வழக்கு இன்னும் தொடங்கவேயில்லை. அது மாவட்ட நீதிமன்றத்தில் சாரதிக்கும் வாகன உரிமையாளருக்கும் எதிராகக் குடும்பமே தொடுக்கவேண்டிய சிவில் வழக்காகும்.

வாகனங்களுக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயமானது. எனவே சாரதி ஏழை, உரிமையாளரிடம் பணமில்லை என்ற காரணங்களால் குடும்பம் பின்வாங்கவேண்டியதில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் ஒரு நிபந்தனையை விதித்துள்ளது. வழக்கைத் தாக்கல் செய்வதற்கு முன்னரோ, தாக்கல் செய்து 7 நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்திற்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். இதில் தவறினால், வழக்கில் வென்றும் பணம் கைக்கு எட்டாத நிலை ஏற்படலாம். மோதிவிட்டுத் தப்பியோடிய வாகனம் இனங்காணப்படாதபோதும் கையை விரித்துவிட வேண்டியதில்லை. அத்தகைய மரணங்களுக்கென வீதிப் பாதுகாப்புத் தொடர்பான தேசிய சபையின் நட்டஈட்டு ஏற்பாடு உண்டு.

கடதாசியும் நாட்களும்

நியாயம் குடும்பத்தின் பக்கம் இருந்தும் வழக்குகள் தோற்பதற்குப் பிரதான காரணங்கள் இரண்டு. ஒன்று சான்று இல்லாமை. மற்றையது காலம் கடந்தமை. இரண்டும் துயரத்தின் முதல் வாரங்களிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன.

பிரேதப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். உடலைச் சிதைக்காது அடக்கம் செய்யவேண்டும் என்ற உணர்வு இந்துக் குடும்பங்களிலும் உண்டு. ஜனாஸாவைத் தாமதமின்றி நல்லடக்கம் செய்யவேண்டும் என்பது முஸ்லிம்களின் மார்க்கக் கடமையுமாகும். இதன் காரணமாகப் பரிசோதனையின்றி உடலை விடுவிக்குமாறு உறவினர்களே திடீர் மரண விசாரணை அதிகாரியை வேண்டிக்கொள்கின்றனர். அவ்வுணர்வை நாம் மதிக்கின்றோம். ஆயினும் குளவி கொட்டியதனாலா, இருதய நோயினாலா மரணம் சம்பவித்தது என்ற கேள்வி ஒரு வருடத்தின் பின் எழும்போது, அதற்குப் பதில் கூறக்கூடிய ஒரே ஆவணம் அந்த அறிக்கைதான். மேலே குறிப்பிட்ட 2001ஆம் ஆண்டுத் தீர்ப்பில் தந்தை தோற்றதும் காரணத்தை நிரூபிக்க முடியாமற் போன அந்த இடத்திலேயே. பரிசோதனையைத் தவிர்க்குமாறு கேட்பதைவிட, அதனை விரைவாக முடித்துத் தருமாறு கேட்பதே குடும்பத்தின் நலனுக்கு உகந்தது.

மரண விசாரணையில் சாட்சியமளிப்பவர்கள் கண்டதைக் கண்டவாறு கூறவேண்டும். வேலைக்கு அனுப்பியவர் யார், எத்தனை மணிக்கு, எந்த மலையில் அல்லது எந்த இறப்பர் நிரையில், பாதுகாப்பு உபகரணம் வழங்கப்பட்டதா, ஆபத்தான மரம் அல்லது குளவிக் கூடு பற்றி முன்னர் முறையிடப்பட்டதா என்பன பதிவாகவேண்டும். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுமாயின் அதனைத் தமிழில் வாசித்துக் காட்டுமாறு கோரிய பின்னரே கையொப்பமிடவேண்டும். தமிழும் அரச கரும மொழியென அரசியலமைப்பு கூறுகின்றது. வடக்கு, கிழக்குக்கு வெளியேயுள்ள நீதிமன்றங்களின் மொழி சிங்களமாக இருப்பினும், அது விளங்காத தரப்பினருக்கு மொழிபெயர்ப்பு வசதியை வழங்குவது அரசின் கடமை. இது சலுகையன்று.

மரணச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அறிக்கை, மரண விசாரணைக் குறிப்பு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, சம்பளச் சீட்டு, விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் என்பவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கவேண்டும். தோட்டப் பகுதிகளில் இங்கேதான் பெரும் சிக்கல் எழுகின்றது. பெயர்ப்பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது எழுத்துக்கூட்டு என்ற நிலை சாதாரணமானது. கோவிலில் தாலி கட்டியதுடன் பதிவு செய்யாது விடப்பட்ட விவாகங்களும், பள்ளிவாசலில் நிக்காஹ் முடித்துப் பதியப்படாத விவாகங்களும் உள்ளன. உயிருடன் இருக்கும்போது இவற்றைச் சீர்செய்வது சில நாள் வேலை. இறந்த பின் "இவள் இவருடைய மனைவிதான்" என்று நிரூபிப்பது பெரும்பாடு.

நட்டஈடு, இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தல்ல என்பதையும் முஸ்லிம் வாசகர்கள் கவனத்திற் கொள்ளவேண்டும். தங்கியிருந்தவர்களின் இழப்புக்காக அவர்களுக்கே வழங்கப்படுவது அது. ஆகவே வாரிசுரிமைப் பங்கீட்டின் அடிப்படையில் விதவையினதும் அநாதைப் பிள்ளைகளினதும் நட்டஈட்டில் ஏனைய உறவினர் பங்கு கேட்பதற்கு முன்னர் சட்ட ஆலோசனை பெறவேண்டும்.

இனிக் காலக்கணக்கு. கவனயீனத்தினால் ஏற்பட்ட இழப்புக்கான சிவில் வழக்கு, காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி 2 வருடங்களுக்குள் தொடரப்படவேண்டும். தொழிலாளர் நட்டஈட்டுக்கான கோரிக்கைக்கும் காலவரையறை உண்டு. குற்றவியல் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து, அது மூன்றாம் வருடத்தில் முடிந்த பின்னர் சட்டத்தரணியைத் தேடிச் சென்றால் வாயில் மூடப்பட்டிருக்கும். ஒன்று முடியும்வரை மற்றொன்று காத்திருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை.

அரசே பொறுப்பாளியாகும்போது

பொலிஸ் காவலில் நிகழும் மரணம், அரச அதிகாரிகள் கடமை தவறியதனால் நேரும் மரணம் என்பவற்றில் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம். உரிமை மீறப்பட்டவரே இறந்துவிட்டால் மனுச் செய்வது யார் என்ற வினா ஒரு காலத்தில் எழுந்தது. பயாகலைப் பொலிஸாரால் கைது செய்யப்பட்டுப் பின்னர் உயிரிழந்த ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கில், 2003ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அவ்வினாவுக்கு விடையளித்தது. கணவரின் உரிமைக்காக மனைவி நீதிமன்றத்தை நாட முடியும் என்பதுடன், உயிர்வாழும் உரிமை எமது அரசியலமைப்பில் உட்கிடையாக உள்ளது என்பதும் அத்தீர்ப்பின் சாரமாகும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதித் தாக்குதல்களைத் தடுக்கத் தவறியமை தொடர்பான மனுக்களில், 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கு 10 கோடி ரூபாவை நட்டஈடாகச் செலுத்துமாறு உத்தரவிட்டது. ஏனைய உயரதிகாரிகளும் தனித்தனியே செலுத்தப் பணிக்கப்பட்டனர். நாட்டின் அதியுயர் பதவியில் இருந்தவரும் கவனயீனத்திற்குத் தமது சொந்தப் பணத்தினால் பதில் சொல்லவேண்டும் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

ஆனால் இம்மனுவுக்கான காலம் ஒரு மாதம் மாத்திரமே. இத்தா இருக்கும் விதவைக்கு அக்காலம் நான்கு மாதமும் பத்து நாட்களும் ஆகும். முப்பதாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருக்கும் தோட்டக் குடும்பத்திற்கும் அந்த ஒரு மாதம் கண்ணீரிலேயே கரைந்துவிடும். ஆகவே விதவை வெளியிற் செல்லவேண்டும் என்று வற்புறுத்தாது, சட்டத்தரணியை வீட்டுக்கு அழைத்துவருவது உறவினரினதும் ஊர்த் தலைவர்களினதும் பொறுப்பாகும். அந்த ஒரு மாதத்திற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் ஒரு மாதக் கணக்கிற் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. இவ்வழியையும் அறிந்திருத்தல் நன்று.

இயற்கை அனர்த்தம் என்று கைகழுவப்படும் மரணங்களையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகளை மண் மூடியது. அங்கு மண்சரிவு அபாயம் உள்ளதென முன்னைய ஆண்டுகளிலேயே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கையும் புளத்கொஹுபிட்டியவும் அதே கதியை அடைந்தன. மழையை எவரும் நிறுத்த முடியாது. ஆனால் எச்சரிக்கப்பட்ட இடத்திலிருந்து மக்களை அகற்றாது விடுவது மழையின் குற்றமன்று. நிவாரணம் அறிவிக்கப்படும்போது அதனைப் பெறுவதுடன், பொறுப்பாளி யார் என்ற வினாவையும் கேட்பதற்கு எமது மக்கள் பழகவேண்டும்.

செய்யவேண்டியவை

வழக்குச் செலவு பலரை அச்சுறுத்துகின்றது. வறியவர்களுக்காக 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு நாட்டின் பல பகுதிகளிலும் நிலையங்களைக் கொண்டு இயங்குகின்றது. தொழிற்சங்கங்கள் சந்தா அறவிடுவது கூட்டத்திற்கு ஆள் சேர்ப்பதற்காக மாத்திரமன்று. உறுப்பினர் ஒருவர் வேலைத்தலத்தில் இறந்தால், நிர்வாகத்துடன் பேசி ஒரு தொகையை வாங்கிக் கொடுப்பதுடன் நின்றுவிடாது, ஆணையாளரிடம் கோரிக்கை சென்றடைகின்றதா என்பதை உறுதிசெய்வது அவற்றின் கடமை. பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் கோவில் பரிபாலன சபைகளும் ஜனாஸாவையும் இறுதிக் கிரியையையும் முன்னின்று நடத்துவது போன்று, ஆவணங்களைத் திரட்டிக் கொடுக்க எழுத்தறிவுள்ள ஓர் இளைஞரையேனும் நியமிக்கலாம்.

அரசாங்கத்திற்கும் சில கடமைகள் உண்டு. தொழிலாளர் நட்டஈட்டின் உச்சத் தொகை வாழ்க்கைச் செலவுடன் சேர்ந்து உயரவேண்டும். நட்டஈட்டு விசாரணைகள் தோட்டப் பகுதிகளுக்கு அண்மையில், தமிழ் மொழியில் நடைபெறவேண்டும். இந்தியாவில் மோட்டார் விபத்துக் கோரிக்கைகளுக்கென விசேட நியாய சபைகள் இருப்பது போன்று, வீதி விபத்து மரணங்களை விரைவாக விசாரித்து முடிப்பதற்கான தனி ஏற்பாடு இங்கும் தேவை. மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு முடியும்போது கைக்குழந்தை வளர்ந்து பாடசாலையை விட்டு விலகியிருக்குமாயின், அந்த நட்டஈடு யாருக்குப் பயன்படப் போகின்றது?

தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இயற்றப்பட்ட இரண்டு வருடங்களின் பின், 1936ஆம் ஆண்டில், அரசாங்க சபைக்கு என்.எம். பெரேராவைத் தெரிவு செய்து அனுப்பியது இதே ருவான்வெல்லைத் தொகுதிதான். 1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானபோது, விசாரணை ஆணைக்குழுவின் முன் அவரது மனைவியின் சார்பில் எழுந்து நின்று வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. ஒரு கூலித் தொழிலாளியின் மரணமும் விசாரணைக்குரியதே, அவனுடைய மனைவியும் கேள்வி கேட்கும் உரிமை உடையவளே என்பதை அன்றே நிலைநாட்ட முனைந்தனர். அதன் பின்னர் சட்டங்கள் பெருகியிருக்கின்றன. கேள்வி கேட்கும் பழக்கந்தான் பெருகவில்லை.

நட்டஈடு கேட்பது இறந்தவரை விலை பேசுவதாகும் என்று எமது சமூகங்களில் ஒரு கூச்சம் நிலவுகின்றது. அக்கூச்சத்தினால் இலாபமடைபவர் பொறுப்பாளி மாத்திரமே. கிளையை வெட்டாது விடுவதைக் காட்டிலும் வெட்டுவது இலாபகரமானது என்று நிர்வாகம் உணரும் வரை, கிளைகள் முறிந்து விழுந்துகொண்டேயிருக்கும். ஒரு குடும்பம் உரிமையுடன் பெறும் நட்டஈடு அடுத்த குடும்பத்தின் உயிரைக் காக்கும் வேலியாகின்றது. ஆகவே மரண வீட்டின் வாசலில் நீட்டப்படும் கடதாசியை வாசித்து விளங்கிக்கொள்ளும் வரை கையொப்பமிடாதிருப்போம். இறந்தவருக்கு நாம் செய்யவேண்டிய கடமைகளுள் அதுவும் ஒன்றாகும்.